பெரியவர் சொன்ன ‘வா’

கே.கே. நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். பக்கவாதத்தில் பேச்சு குழறிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “வா, வா” என்பார். பக்கத்தில் போனால் கையை உதறுவார். நாலாம் நாள், “வந்துட்டேன்ல தாத்தா, இன்னும் என்ன வேணும்?” என்று அதட்டிவிட்டேன். அவர் கண் கலங்கியது.

உசிலம்பட்டியிலிருந்து வந்த அவர் மகளிடம் இதைச் சொன்னேன்.

“உங்களக் கூப்பிடல சிஸ்டர். வா-ங்கிறது பர்மாவுல அப்பா பொறந்த ஊரு. அம்புட்டும் நெல்லு வயலு, நடுவுல கால்வாய். ராணுவ ஆட்சி வந்ததும் வயலப் பிடுங்கிட்டு அனுப்பிட்டாக.”

பெரியவர் மறுபடி “வா” என்றதும், “போகலாம் தாத்தா” என்றேன்.

அவர் அசையக்கூடிய ஒரு காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, செருப்பைத் தேடினார்.

அதன்பின் எந்த நோயாளியிடமும் நான் ‘போகலாம்’ என்று சொன்னதில்லை.