இருபத்துநாலு தடவை ஒரே கட்டை

சலவைக்கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, பேசுவதும் கேட்காது. பதினெட்டு வருஷமாக அங்கே சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வீட்டுக்கு வந்தால் அதே பூனை, போட்டிருந்த உடுப்பைக்கூட மாற்றாமல் பழைய பியானோ முன்னால் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி ஒரே கட்டையை அடித்துக்கொண்டிருக்கும்.

நடனப்பள்ளிக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டுமாம். சனிக்கிழமை தேர்வு. சொந்தமாக அமைத்த ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

பாட்டு இருந்தது. அதன் நடுவில் இடது கை மெட்டை நடத்திக்கொண்டு போக, வலது கை ஒரே கட்டையை மளமளவென்று இருபத்துநாலு தடவை தட்ட வேண்டும். ஒரே விரலால் தட்டினால் மணிக்கட்டு மரத்துப்போகும். அதனால் நடுவிரல், ஆள்காட்டி விரல், பெருவிரல் என்று மாற்றி மாற்றி. ஒன்று உள்ளங்கைப் பக்கம் வழுக்கி விலகும்போதே அடுத்தது விழ வேண்டும். சொல்லச் சுலபம். இரண்டு மாதமாக ஆறாவது தட்டோ ஏழாவதோ ஊமையாகிவிடுகிறது. நகத்தை ஒட்ட வெட்டினாள். முக்காலியை உயர்த்தினாள், தாழ்த்தினாள். கடைசியில் பாட்டிலேயே கை வைத்தாள். இருபத்துநாலு பன்னிரண்டாகி, பன்னிரண்டு ஐந்தாகி, பாட்டு நொண்டியடித்தது.

"கதவை யாரோ தட்டுறாங்க பாரு" என்பார் பஸ் ஓட்டிவிட்டு வரும் கணவர், தினமும். முதல் நாள் சிரித்தாள். இப்போது அவர் வாயைத் திறக்கும் முன்பே பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை நாத்தனார் வந்தாள்.

"ஏன் அண்ணி, ஒரே கட்டையைத் தட்டுறதுக்கா இத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்க? இதை நானே தட்டுவேனே!"

"வா, தட்டு" என்று பூனை எழுந்துகொண்டது.

நாத்தனார் ஒற்றை விரலை நீட்டி, கோழி கொத்துகிற மாதிரி கொத்தினாள். ஏழாவது கொத்தில் சத்தம் இல்லை.

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி, சத்தியமா!"

பூனை கட்டையை உற்றுப் பார்த்தது. மற்றவை எழுந்து நிற்க, அது மட்டும் தூக்கக் கலக்கத்தில் எழுகிறவனைப்போல் மெதுவாக எழுந்தது.

மறுநாள் பியானோ பழுது பார்க்கிறவர் வந்தார். கட்டையைக் கழற்றி, சந்தில் இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார். ஊக்கு மாட்டிய சின்னத் துணித்துண்டு. அதில் மையால் 317.

"என்னம்மா இது?"

சலவைக்குப் போடும் சட்டைக்குக் குத்துகிற அடையாளம். இஸ்திரி போடக் கழற்றியதும், திரும்பக் குத்தக் கைக்குச் சுலபம் என்று தன் சட்டைக் கையில் குத்திக்கொள்வது அவள் பழக்கம். அப்படிக் குத்திய இந்த 317 காணாமல்போய், சட்டை யாருடையது என்று தெரியாமல், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இரண்டு மாதத்துக்கு முன்புதான்.

"விரல்ல கோளாறுன்னு நெனச்சேன்" என்றாள்.

"விரல் பாவம்மா" என்றார் அவர்.

இரண்டு மாதம்! யாரைத் திட்டுவது? திட்டவும் அவளேதான் கிடைத்தாள்.

"அஞ்சே வாசிச்சிடேன், வம்பில்லாம" என்றார் கணவர் வெள்ளி மாலை.

"இருபத்துநாலு."

"இன்னும் ஒரு நாள்கூட இல்லியே!"

"இருபத்துநாலுன்னு சொன்னேன்ல?" அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை, நடனப்பள்ளியின் பெரிய பியானோவில் கட்டைகள் தொட்டாலே துள்ளின. வாசித்து முடித்ததும் தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த நடு இடம் நல்லாருக்கு. ஒண்ணாம் தேதி வந்துடுங்க."

வெளியே கணவர் காத்திருந்தார்.

"என்னாச்சும்மா? கிடைச்சுதா?"

"கிடைச்சுது. பதினாறாவது விழல."

"வேலை கிடைச்சிடுச்சுல்ல?"

"கட்டை நல்லாத்தான் இருந்துச்சு. என் நடுவிரல்தான் பிந்திடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவரை முந்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வீட்டுக்குப் போய் அதை ஒரு கை பார்க்க வேண்டும்.