அண்ணி குளிப்பாட்டிய மெஷின்

எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் கை. ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை. கட்டில், தரை, ஜன்னல் கம்பி எல்லாம் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர் கொஞ்சம் உட்காரலாம் அல்லவா? உட்கார மாட்டார். வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுச் சுவரைத் தேய்ப்பார்.

அதிலும் பழைய பொருள் எதுவும் குளிக்காமல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. "யார் யார் கை பட்டதோ" என்பார். வாங்கி வந்த பழைய பீரோ குளித்தது. பழைய சைக்கிள் குளித்தது. யாரோ கொடுத்த சுவர்க்கடிகாரமும் குளித்தது, அதற்குப் பிறகு அது ஓடவில்லை. "ஓடலைன்னா என்ன, பார்க்கப் பளிச்சுன்னு இருக்குல்ல" என்று அதையும் சுவரில் மாட்டிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பங்கையும் சேர்த்துக் கடவுள் என் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவராக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மின்விசிறி சத்தம் போட்டாலும் அவருக்கு ஆகாது, போடாவிட்டாலும் ஆகாது. அண்ணிதான் ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸம்மாவிடம் சொல்லி ஒரு வேலைக்கு வழி பண்ணினார். ஆஸ்பத்திரி முன்னால் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. "திங்கட்கிழமை வந்து வெட்டட்டும். நல்லா இருந்தா அவரே தொடர்ந்து பார்த்துக்கட்டும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

புல் வெட்டும் மெஷினுக்கு எங்கே போவது? அண்ணனின் ஒரே மகள், எங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில், அவள் மாமனாருக்குப் பார்க்குகளில் புல் வெட்டுவதுதான் தொழில். அவர் புது மெஷின் வாங்கியிருந்தார். பழையதை அண்ணனுக்கு விலைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், நிறுத்தினார், வண்டியில் ஏற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். அண்ணனுக்கு அது பிடிக்காது. "ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காரு. மனசுல என்ன கணக்கு போடுறாருன்னே தெரியல" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மரியாதை மட்டும்தான் இருந்தது. பேச்சு இல்லை.

மெஷின் சனிக்கிழமை வந்து இறங்கியது. அண்ணன் சந்தோஷமாக வெளியே போன நேரத்தில் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மெஷின் அடியில் காய்ந்த புல்லும் மண்ணும் அப்பியிருந்தது. மெஷினைக் குழாயடிக்கு உருட்டிப் போய், ஒருபக்கமாகச் சாய்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்தார். சாய்ந்தபடியே வெயிலில் காயவும் வைத்தார். சாயங்காலம் நிமிர்த்தியபோது புதுசு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெபம் முடித்துவிட்டு எழுந்தபோது முற்றத்தில் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. சர்ர்ர். சர்ர்ர். அண்ணன் இழுக்கிறார். மெஷின் அசையவில்லை.

"பெட்ரோல் இருக்கா பாருங்க" என்றார் அண்ணி.

"அதுகூடவா பார்க்காம இழுப்பேன்?" என்றவர், பார்த்துவிட்டு, ஊற்றிவிட்டு வந்து இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். பழைய பெட்ரோலாக இருக்கும் என்று எல்லாவற்றையும் வடித்துப் புதுசு ஊற்றினார். இல்லை. பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. துடைத்து, உரசி, திரும்பப் போட்டார். டப். புகை. கயிறு அவர் கையிலிருந்து விர்ரென்று உள்ளே ஓடியது. உள்ளங்கை சிவந்து போனதுதான் மிச்சம்.

"நல்லா தலையில கட்டிட்டாருய்யா" என்றார் அண்ணன். "சம்பந்திதானே, கேட்கவா போறான்னு நினைச்சிருக்காரு. இதை அவர் வாசல்லயே இறக்கிட்டு, நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அண்ணியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. மெஷினுக்காக இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்காகவும் இல்லை, வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அண்ணன் கேட்கிற அந்த நாலு வார்த்தை அவர் கேட்டதோடு முடியாது. நாளெல்லாம் அந்த வீட்டில் இருக்கிறது எங்கள் பெண்தானே.

அண்ணன் போனை எடுத்தார். அண்ணி அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார், வார்டில் நோயாளியிடமிருந்து கிளாஸை வாங்குகிற மாதிரி.

"கை எல்லாம் எண்ணெய். நான் பேசுறேன்."

மகளிடம்தான் பேசினார். "ஒண்ணுமில்லடி, மெஷின் கொஞ்சம் அடம்பிடிக்குது. உன் மாமனாருக்கு நேரம் இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு."

"அப்பா ஏதாவது சொன்னாரா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"இன்னும் இல்ல."

நான் உள்ளே போய் மறுபடியும் முழங்கால் போட்டேன். மெஷின் ஓட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆண்டவரே, அண்ணன் வாயை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டேன்.

சம்பந்தி வந்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து எங்கள் பெண்ணும் வந்தாள். அவர் வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு மெஷின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மோந்து பார்த்தார். இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே காற்றை வடிகட்டுகிற ஸ்பாஞ்ச் ஒன்று இருந்தது. எடுத்துப் பிழிந்தார். கறுப்பு எண்ணெய் தரையில் சொட்டியது.

"இதை யாராவது சாய்ச்சு வச்சீங்களா?"

"நாங்க எதுக்கு சாய்க்கணும்?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். "கொடுத்தது உங்க மெஷின்..."

"நான்தான் சாய்ச்சேன்" என்றார் அண்ணி. "குளிப்பாட்டினேன்."

அண்ணனின் வாய் திறந்தபடி நின்றது.

"எந்தப் பக்கம் சாய்ச்சீங்க சம்பந்தியம்மா?"

அண்ணி கையால் காட்டினார். "இந்த மூடி கீழ போற மாதிரி. அந்தப் பக்கம்தான் குழாய்."

சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்தார். இந்த மனிதருக்குச் சிரிக்கவும் வருமா என்று இருந்தது.

"இன்ஜின் எண்ணெய் எல்லாம் இதுக்குள்ள இறங்கிடுச்சு. காத்து போக வழியில்ல, எப்படி ஸ்டார்ட் ஆகும்? சாய்ச்சா இந்த மூடி மேல இருக்கணும். அதை நான் சொல்லியிருக்கணும், சொல்லல. என் தப்பு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்களுக்குக் கொடுத்ததுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல. உறவுக்குள்ள பழைய பொருளைக் கொடுக்காதீங்க, நாளைக்கு நின்னா உங்களைத்தான் சொல்லுவாங்கன்னு வீட்டுல ஒரே பாட்டு. காலையில போன் வந்ததும், சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"சோப்பு இருக்கா? இந்த ஸ்பாஞ்சை நல்லா அலசணும்" என்றார் சம்பந்தி.

"போயும் போயும் இந்த வீட்டுலயா மாமா இதைக் கேக்குறீங்க?" என்றாள் எங்கள் பெண்.

அண்ணி அந்த ஸ்பாஞ்சை வாங்கிக்கொண்டு போனவிதத்தைப் பார்க்க வேண்டுமே. வெந்நீர், சோப்பு, கசக்கல், அலசல். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. துணியில் சுற்றி ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார். அங்கே திரும்பும்போதுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பையைப் பார்த்தார். உள்ளே மகளின் புடவைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"எதுக்குடி இது?"

அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "அப்பா கத்துவாருன்னு நினைச்சேன். கத்தினா மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஆனா அங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாங்க. அது இறங்குற வரைக்கும் இங்க இருக்கலாம்னு மாமா கண்ணுல படாம எடுத்துட்டு வந்தேன்..."

அண்ணி ஈரக் கையை அவள் கன்னத்தில் வைத்தார். அவ்வளவுதான். எனக்குத்தான் கண் கலங்கியது.

வெளியே சம்பந்தி பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணனைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பிளக் இருந்த ஓட்டை வழியாக எண்ணெய் பிசுபிசுவென்று தெறித்தது. அண்ணன் சட்டையில் பாதி, அவர் சட்டையில் பாதி. தெறிப்பது நின்றதும் பிளக்கைத் துடைத்து மாட்டினார்கள். குறைந்த எண்ணெயை ஊற்றி அளவு பார்த்தார்கள். காய்ந்த ஸ்பாஞ்சை வைத்து மூடினார்கள்.

"இழுங்க" என்றார் சம்பந்தி.

"நீங்க இழுங்க" என்றார் அண்ணன்.

"இனிமே உங்க கைக்குத்தான் அது பழகணும்."

அண்ணன் இழுத்தார். ஒன்றுமில்லை. எங்கள் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் இழுத்தார். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. "ஐயோ, தீப்பிடிச்சிருச்சு" என்று அண்ணி வாளியைத் தேடினார். "அது உள்ள மிச்சமிருக்கிற எண்ணெய் எரியுது, விடுங்க" என்று சம்பந்தி சத்தமாகச் சொன்னார். இருமி, திக்கி, அப்புறம் அந்த மெஷின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. புகைக்கு நடுவில் அண்ணன் நின்ற நிற்பைப் பார்த்தால், கம்பெனி மூடிய நாளிலிருந்து அவர் விடாமல் வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டமாதிரி இருந்தது.

நிறுத்திவிட்டு அவர் சம்பந்தியிடம் சொன்னார். "போன்ல உங்களை நல்லா கேட்டிருப்பேன். இவதான் போனைப் பிடுங்கிட்டா."

"தெரியும்" என்றார் சம்பந்தி. "நான் என்ன பதில் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணும் வரல." பிறகு, "திங்கட்கிழமை என் மெஷினையும் கொண்டு வரட்டுமா? முழங்கால் உயரம்னா முதல் தடவை ஒரு ஆளால முடியாது" என்றார்.

வேறு நாளாக இருந்தால் "எனக்குத் தெரியாதா?" என்று கேட்டிருப்பார் அண்ணன். "வாங்க" என்றார்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் பெண் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "என்னம்மா அது?" என்று மாமனார் கேட்டதற்கு, "அம்மா கொடுத்த துணி" என்றாள். நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். சின்னப் பொய், கடவுள் கணக்கில் வைக்க மாட்டார்.

திங்கட்கிழமை நடந்ததை அண்ணி வந்து சொன்னார். வார்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். கீழே இரண்டு மெஷினும் எதிரும் புதிருமாகப் போய் வந்துகொண்டிருந்தன. சந்திக்கிற இடத்தில் இரண்டு பேரும் நிறுத்தி நிறுத்தி ஏதோ பேசிக்கொண்டார்களாம். அந்தச் சத்தத்தில் என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

ஜன்னலோரக் கட்டில் நோயாளி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா அவங்க, அண்ணன் தம்பியா?" என்று கேட்டாராம்.

"ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுத்த ஜன்னலுக்குப் போனாராம்.