மாலை போடும் படத்தில் விழுந்த நிழல்

இன்று போத்தனூரில் என் ஸ்டுடியோவுக்கு ஒரு பெரியவர் வந்தார். இறந்துபோன மனைவியின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமாம். செல்போனில் ஒரே ஒரு நல்ல படம்தான் இருந்தது.

மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிக்குள் அந்த அம்மா சிரிக்கிறார். வெளியே நின்று படமெடுத்த இவருடைய உருவம் கண்ணாடியில் தெரிகிறது.

"உசுரோட இருக்கறவன் மாலை போடற படத்துல இருக்கக்கூடாதுன்னு பொண்ணு சொல்லுதுங்க. என்னைய எடுத்துப்போடுங்க தம்பி."

பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப அது ஆரைப் பாத்துங்க சிரிக்குது?"

அவரை அழித்த படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

இந்த எடிட்டிங் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?