தயாரிப்பாளரின் அக்கா

என் தம்பி சினிமாவுக்குள் சைக்கிள் கேரியர் வழியாக நுழைந்தவன். எழுபதுகளில் எங்கள் ஊரில் இரண்டு தியேட்டர்கள் ஒரே பிரிண்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்றில் ஓடி முடிந்த ரீலைப் பெட்டியோடு மற்றதற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. சைக்கிள் பஞ்சரானால், வில்லன் சுட்ட குண்டு கதாநாயகனை அடைய அரை மணி நேரம் ஆகும். கேரியரில் படம் இருந்ததால், தானும் படத்துறையில் இருப்பதாக அவன் முடிவு செய்துகொண்டான்.

பிறகு எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைப் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. இருபது சாமியார்கள் வேண்டும் என்றார்கள். இவன் மலை சுற்றும் பாதையிலிருந்து அசல் சாமியார்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனான். டைரக்டர் பார்த்துவிட்டு, இவர்கள் சாமியார் மாதிரி இல்லையே என்றாராம். டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் இருந்தவர்களைப் பிடித்து ஜடாமுடி ஒட்டி நிற்க வைத்தார்கள். அசல் சாமியார்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். அன்று முதல் அவன் சினிமாவுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்ட்.

எண்பதுகள் பிறந்ததும் தயாரிப்பாளராக உயர்ந்தான். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு லெட்டர் பேட், இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு பூஜை. கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, முதல் ஷாட்டாகக் கற்பூரத்தைக் கேமராவில் பிடிப்பார்கள். இப்படி மூன்று படங்கள் தொடங்கினான். மூன்றிலும் கற்பூரம் பிரமாதமாக நடித்தது. அதைத் தாண்டி எதிலும் இரண்டாவது ஷாட் கிடையாது.

பூஜைக்கும் பூஜைக்கும் நடுவே, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்து ஆல்பத்தில் ஒட்டி, மெட்ராஸ் கம்பெனிகளுக்கு அனுப்பி வைத்தான். பெற்றவர்கள் அவனைப் பார்த்ததும் தயங்குவார்கள். அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவனிடம் பேசிவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவார்கள். நான் காபி கொடுத்து நற்சான்றிதழும் கொடுப்பேன். சினிமாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கழனி வேலை செய்யும் குடும்பம். அவருடைய மகள் என்னிடம் படித்தவள், பதினெட்டு வயது.

"உங்க தம்பினு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் டீச்சர்."

"தைரியமா அனுப்புங்க. என் பொண்ண பாத்துக்கிற மாதிரி பாத்துப்பான்."

அனுப்பினார். நான்கு மாதம் கழிந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் என் மகள் ப்ளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஒரு நாள் காலை தம்பி ஆல்பத்தோடு வந்து உட்கார்ந்தான். புரட்டினால் என் மகளின் போட்டோ. என் பீரோவிலிருந்து எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. கதாநாயகிக்குத் தங்கை வேஷமாம், மறுநாளே கிளம்ப வேண்டுமாம்.

"தாய்மாமன் நான் இருக்கேன், அப்புறம் என்னக்கா பயம்?"

"என் பொண்ணு அங்கெல்லாம் போகமாட்டா. அது எந்த மாதிரி இடம்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் அந்த அடி அண்ணாமலை அம்மா. மகளிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை என்று விசாரிக்க வந்திருக்கிறார். கையில் எனக்காக ஒரு பை வேர்க்கடலை.

"தெரியுங்களா டீச்சர்?" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் அவரும் மெட்ராஸ் போனோம். தம்பிக்கு வர முடியவில்லை. நான்காவது படத்துக்கு நல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தது. லெட்டர் பேடில் அழகாக முகவரி மட்டும் எழுதிக் கொடுத்தான். அந்த முகவரியில் ஒரு டெய்லர் கடை இருந்தது. மாடியில் பெண்கள் தங்கியிருந்தது உண்மைதான், காலி செய்து மூன்று வாரமாகிறது, எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார் டெய்லர்.

அதற்குப் பிறகான மூன்று மணி நேரத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. அந்த அம்மா மகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக முன்னால் போனார். நான் பின்னால் போனேன். ஒரு தடவைகூட அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் என் மகள் வீடு திரும்பப் பத்து நிமிஷம் தாமதமானால், அந்த முதுகுதான் என் கண் முன்னால் நடக்கிறது.

கடைசியில் ஒரு ஸ்டூடியோவின் பின்பக்கத்தில், சாப்பாட்டு வரிசையில் அவள் நின்றிருந்தாள். முகத்தில் அப்பிய மேக்கப், முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய பாவாடை, இடுப்பில் பிளாஸ்டிக் குடம். கிராமத்துப் பெண் வேஷம். இடம் மாறியதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, ஏஜெண்ட், அதாவது என் தம்பி, எல்லாருக்கும் சொல்லியிருப்பார் என்று நினைத்தாளாம். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியவில்லை என்று காலையிலிருந்து அவளைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அடி அண்ணாமலையில் பிறந்த நாளிலிருந்து தண்ணீர் தூக்கியவளை.

அவள் அம்மா அழவில்லை. குடத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"வா, போலாம்."

பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில். ஊரில் இறங்கியதும் அந்த அம்மா முதல் முறையாக என்னிடம் வந்தார். "உங்க பொண்ணு வீட்ல தனியா இருக்கும். சீக்கிரம் போங்க டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் தம்பி நான்காவது பூஜையின் விபூதியோடு வந்தான். என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் புரியாதவனாக, "யாராவது வந்து கேட்டா வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்றான்.

இந்த முறை என்ன சொல்வது என்று தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்க வரவில்லை.