பூசும் எண்ணெய், தாளிக்கும் எண்ணெய்

என் நாத்தனார் வாயைத் திறந்தால் பழமொழிதான். பாதி ஊரில் புழங்குவது, மீதி அந்த நிமிஷத்தில் அவரே செய்வது. எதுவானாலும் நான் முந்தானையில் முடிந்துகொள்வேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். மற்றதெல்லாம் பிறர் வாயிலிருந்து எடுத்ததுதான். சமையலும் அப்படியே. பாதி பக்கத்து வீடு, பாதி செல்போன்.

என் வீட்டுக்காரர் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தோமில், கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் ஃபிளாட். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "தேங்காய், பொரிச்சது, சோத்துக் குவியல் எல்லாம் குறைச்சுக்குங்க. மெடிட்டரேனியன் சாப்பாடு நல்லது. ஆலிவ் ஆயில், கொண்டைக்கடலை, மீன், காய்கறி."

"மத்தியதரைக் கடலா? வாசல்லயே வங்காள விரிகுடா கீதே டாக்டர், அது போதாதா?" என்றார் இவர்.

நான் தி.நகர் போய் ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்தேன். வீடியோ பார்த்து, வறுத்த வெள்ளை எள்ளோடு வெந்த கொண்டைக்கடலை, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து மிக்சியில் அரைத்தேன். ஹம்மஸ் என்று பேர். மேலே ஆலிவ் எண்ணெயைப் பச்சையாக ஊற்றி, கோதுமை ரொட்டியோடு வைத்தேன். இவர் மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஆஸ்பத்திரியில ஃபாதர் என் நெத்தியில பூசினது இதானே?"

இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னால் ஃபாதர் வந்து மந்திரித்துப் பூசியதும் ஆலிவ் எண்ணெய்தான். நோயாளிக்குப் பலம் கொடுக்கத்தான் அதைப் பூசுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் மூச்சு இழுக்கிற நேரத்தில்தான் சாமியாரைக் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் ஜனங்களில் பலருக்கு அது இன்னும் கடைசி எண்ணெய்.

"பலம் குடுக்கிற எண்ணெய்ங்க."

"பலம் நெத்தியோட இருக்கட்டும். தட்டுல வேணாம்."

"இயேசு சாமி பொறந்த பக்கத்துச் சாப்பாடுங்க. சாமிக்கே எறங்கினது உங்களுக்கு எறங்காதா?"

"அதான் அவரு நாப்பது நாள் பட்டினி கெடந்தாரு."

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆட ஆரம்பித்தது. பழைய சமையலுக்குத் திரும்பினால் நெஞ்சுக்குப் பயம், திரும்பாவிட்டால் வயிற்றுக்குப் பயம். மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அவரை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாத்தனார் கே.கே. நகரிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தார். ஹம்மஸை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "தாளிக்காத சமையல் தாலி கட்டாத கல்யாணம்மா" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் முடிந்துகொண்டேன்.

அதே வாரம் ஒரு மத்தியானம். மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். இவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்போது பக்கத்து ஃபிளாட்டில் யாரோ தாளித்தார்கள். கடுகு வெடித்து, 'சொய்ங்' என்று ஒரு சத்தம். இவர் பேப்பரை மடித்தார், கை கழுவினார், வந்து உட்கார்ந்தே விட்டார். தட்டைப் பார்த்ததும், கல்யாணச் சாப்பாட்டுக்குத் தவறான மண்டபத்தில் நுழைந்தவர் மாதிரி முழித்தார்.

"சத்தம் கேட்டுச்சே?"

"அது பக்கத்து வீட்டுச் சத்தம்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்குப் பசி காதில் இருக்கிறது! இத்தனை வாரமாக நான் சத்தமே இல்லாமல் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சத்தம் வராத வீட்டில் சாப்பாடு தயார் என்று அவர் வயிற்றுக்கு யார் சொல்வது?

"கொஞ்சம் இருங்க" என்று அடுப்படிக்கு ஓடினேன். தாளிப்புக் கரண்டியில் அதே ஆலிவ் எண்ணெய், சிறு தீ. கடுகு, கிள்ளிய மிளகாய் வற்றல், ஒரு துளி பெருங்காயம், கடைசியில் ஈரம் போகாத கறிவேப்பிலை. அது போட்ட சத்தத்தை அவருக்குக் கேட்கும்படி மேசைக்கே கொண்டுவந்து ஹம்மஸ் மேல் கொட்டினேன். ஆஸ்பத்திரி வாசனை போய், என் வீட்டு வாசனை எழுந்தது.

கிண்ணத்தை ரொட்டியால் வழித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னும் கொஞ்சம் கீதா?"

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சுட்ட கத்திரிக்காயை எள் விழுதோடு மசித்துப் பச்சை மிளகாய் தாளித்தேன். வஞ்சிரத்துக்கு மிளகு, சீரகம், எலுமிச்சை. மேலே பூண்டுத் தாளிப்பு. அடுத்த தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், "நல்லா இருக்கீங்களே, என்ன சாப்பிடறீங்க?" என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மத்தியதரைக் கடல்லயே கடுகு தாளிக்கிறா டாக்டர் எங்க வீட்டம்மா" என்றார். எத்தனையோ பேர் சொன்னதைச் சேர்த்துவைத்தவள் நான்; என்னைப் பற்றி ஒருவர் சொல்லி நான் சேர்த்துவைத்தது அது ஒன்றுதான்.

நாத்தனார் மறுபடி வந்தார். இரண்டாவது ரொட்டி பாதியில் கேட்டார்: "டேய் தம்பி, இது அந்தப் பூசற எண்ணெய்தானே?"

"இல்லக்கா, தாளிக்கிற எண்ணெய்."

கிளம்பும்போது டிபன் டப்பாவை என்னிடம் நீட்டினார். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

"தாளிக்காம குடும்மா" என்றார். "தாலிய என் வீட்ல போய் நானே கட்டிக்கறேன்."