முப்பத்தொன்றாம் பிரதியின் ஓரம்

எங்கள் வீட்டுச் சுவர்களில் எட்டுப் படங்கள் தொங்குகின்றன. ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் எட்டுப் படம் என்பது பெரிய விஷயமில்லை. பூஜை அறையில் மட்டுமே அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் என் படங்களில் சாமியும் இல்லை, மாலை போட்ட முன்னோரும் இல்லை. வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்ப்பார்கள். இப்போது அப்படி வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும் மாதம் ஒருமுறை தவறாமல் வருகிறார்.

அவை செரிகிராஃப் படங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக மையை வழித்துக் காகிதத்தில் இறக்குகிற வேலைதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளக்கியபோது, "மஞ்சப்பையில ஜவுளிக்கடைப் பேரு அடிப்பாவள்ல, அந்த ஸ்கிரீன் பிரிண்டிங்தான?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் இதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம். பதினோரு நிறமென்றால் பதினோரு தடவை, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. எழுபத்தைந்து பிரதி என்று முடிவு செய்தால், எழுபத்தைந்தாவது முடிந்ததும் துணியிலிருக்கும் உருவத்தைக் கழுவிவிடுவார்கள். பிறகு ஓவியர் ஒவ்வொரு பிரதியின் அடியிலும், வெள்ளை ஓரத்தில், பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுவார். நான் முதலில் வாங்கியது முப்பத்தொன்றாம் பிரதி. பாதி காய்ந்த ஒரு கண்மாய், ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நீர்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருடம் நூற்பாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவனுக்கு, பதினோரு நிறமும் ஒரு மயிரிழைகூட விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனசு குளிர்ந்துபோகும். இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. இதே படம் இன்னும் எழுபத்து நான்கு வீடுகளில் தொங்குகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, முப்பதாம் பிரதியை வைத்திருப்பவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைப்பேன். அவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு எது வந்தாலும் வந்த நாளை அதன்மேல் பென்சிலால் எழுதிவிடுவாள். ஊறுகாய் ஜாடி, இன்வெர்ட்டர் பேட்டரி, புது விளக்குமாற்றின் கைப்பிடி எதுவும் தப்பாது. நாளோடு நிற்க மாட்டாள்; பக்கத்தில் ஒரு சேதியும் இருக்கும். 'புளி, சனிக்கிழமை, கொட்டை அதிகம்' என்ற மாதிரி. பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கு என்ன சேதி வேண்டிக் கிடக்கிறது என்று நான் கேலி செய்வேன். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, சென்னையிலிருந்து அந்தக் கண்மாய்ப் படம் நீளக் குழாயில் சுருட்டி வந்தது. நான் கையைக் கழுவித் துடைத்து, கட்டில்மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் படத்தைப் பரப்பினேன். அவள் எட்டி நின்று பார்த்து, "எங்க ஊருக் கம்மா மாதிரியே இருக்கு" என்றாள். அவள் பிறந்தது கூமாப்பட்டி. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் அவள் சொன்னதுகூட ஓவியருக்குக் கொடுத்த பாராட்டாகத் தோன்றியது. மறுநாள் மில்லிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், ஓவியரின் எண்ணுக்கும் கையெழுத்துக்கும் கீழே, வெள்ளை ஓரத்தில், அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'வந்த நாள் வெள்ளி. மழை. இவருக்கு ஒரே சந்தோஷம்.'

நான் கத்தினேன். எதை எதில் கிறுக்குவது என்று விவஸ்தை இல்லையா, இது என்ன புளிப் பானையா என்று கேட்டேன். தெரு கேட்டிருக்கும். பிறகு ரப்பரை எடுத்து அவள் கண்முன்னாலேயே அழிக்க உட்கார்ந்தேன். 'வந்த நாள்' மங்கியது. ஆனால் காகிதம் நூல் விட ஆரம்பித்தது. அந்தப் பயத்தில் நிறுத்தினேனே தவிர, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தவில்லை. எட்டு நாள் அவளோடு பேசவில்லை. மதுரைக்குப் படத்தைக் கொண்டுபோய், ஓரத்தை மறைக்கிற மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொன்னேன். ஓவியரின் எண் தெரிய வேண்டும், அதற்குக் கீழே எதுவும் தெரியக் கூடாது என்று விரலால் கோடு காட்டினேன். கடைக்காரர் சொன்னபடியே செய்துகொடுத்தார்.

அதன்பிறகு ஏழு படங்கள் வந்தன. ஒன்றில்கூட அவள் கை வைக்கவில்லை. குழாய் வந்திறங்கினால், "ஒங்க படம் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏழு ஓரங்களும் சுத்தமாக இருக்கின்றன.

அவள் போய் இரண்டு வருடமாகிறது. மூன்றே நாள் காய்ச்சல். முதல் வருடம் புளியும் பருப்பும் தீரத் தீர, டப்பாக்களைக் கழுவி வைத்தேன். கழுவும்போது அவள் எழுதியதும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்தபோது வீட்டில் அவள் எழுத்தென்று மிச்சமிருந்தது விளக்குமாற்றுக் கைப்பிடியில் ஒரு 'ஞாயிறு' மட்டும்தான். அதை விட்டால் ஒன்று, படத்தின் கண்ணாடிக்கு உள்ளே, அட்டைக்குப் பின்னால். என்னைப் பற்றி அவள் எழுதிய ஒரே வரியும் அதுதான்.

அட்டையை எடுத்துவிட்டு அந்த வரி தெரியும்படி சட்டம் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். மதுரைக் கடை மூடிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார்கள்; கைவேலை சுத்தம் என்றார்கள். போன சித்திரையில் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். அங்கேதான் என் புத்தி பல்லிளித்தது. பெண்டாட்டி எழுதிய வரி தெரிய வேண்டும் என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அட்டை வேண்டாம். உள்ளே இருப்பது முழுசாகத் தெரியணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள் போனபோது படம் பளபளவென்று இருந்தது. தேக்கு நிறச் சட்டம், ஓரத்தில் மெல்லிய பொன் கோடு, கண்மாய் சட்டத்தின் விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை ஓரத்தைக் காணோம்.

"ஓரம் எங்கே?" என்றேன்.

"வெட்டியாச்சு அண்ணாச்சி. வெள்ள தெரிஞ்சா படத்துக்கு லெட்சணம் இல்லல்லா? அடியில என்னமோ நம்பரும் கிறுக்கலுமா இருந்துச்சு. அதுவும் போச்சு, இப்பப் பாருங்க, எம்புட்டு எடுப்பா இருக்கு!"

அவர்மேல் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் தை பிறந்தால் பழைய காலண்டர்களில் உள்ள சாமி படங்களையெல்லாம் சட்டம் போடக் கொண்டுவருவார்கள். அடியில் நகைக்கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுச் சாமியை மட்டும் எடுப்பதுதான் முறை. கடைப் பெயரோடு சாமியைக் கும்பிட முடியுமா? என் ஓவியரின் கையெழுத்தையும் என் மனைவியின் கையெழுத்தையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாதவன் நான்தான்.

எண் போனதற்கு எனக்கு வருத்தமே வரவில்லை. அதை அப்போதே கவனித்தேன். "வெட்டின துண்டு எங்கே?" என்று கேட்டேன்.

"தடிச்ச காகிதம்லா அண்ணாச்சி, தூரப் போட மனசு வரல. அன்னைக்கே ஒரு ஆண்டாள் படத்துல கண்ணாடி ஆடுச்சு. பின்னால செருகிட்டேன். வத்திராயிருப்புல புது வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாக."

அடையாளம் கேட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வத்திராயிருப்பு பஸ் ஏறினேன். அவள் இருந்தவரை மாமனார் வீட்டுக்கு அந்தப் பாதையில்தான் போவோம். அவள் போனபிறகு அந்தப் பக்கம் நான் தலைவைத்ததில்லை. ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. நான் பழக்க தோஷத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த இடத்தை விட்டு வைத்திருந்தேன். ஒரு பெண் வந்து, "ஆளு வருதா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

புது வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தனியாகத்தான் இருந்தார். கணவர் தென்னந்தோப்புக்குப் போயிருந்தாராம். சட்டம் போட்ட கடையிலிருந்து வருகிறேன், கண்ணாடி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன். உள்ளே கூப்பிட்டார். ஆண்டாளுக்குத் துளசி மாலை போட்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் மூலையை விரலால் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடவில்லை. அங்கேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா பதறிப்போய், "என்னண்ணே, என்ன செய்து?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரால் அழித்ததையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. கழற்றினால் அந்தத் தேய்ந்த இடம் இன்னொருவர் கண்ணில் படுமே என்று பஸ்ஸில் வரும்போதே பயந்துகொண்டுதான் வந்தேன்.

"அவிய என்ன எழுதியிருந்தாவ?"

சொன்னேன். வாய்விட்டு அந்த வரியை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அம்புட்டுத்தானா?" என்றார் அந்த அம்மா. "நல்லதத்தானண்ணே எழுதியிருக்காவ."

பிறகு அவரே தொடர்ந்தார். "வெளக்கேத்தி வச்ச படம், இப்பக் கழட்ட மனசு கேக்கல. ஆடிப் பூரம் கழியட்டும். பொறவு வாங்க, எங்க வீட்டுக்காரரைக் கழட்டித் தரச் சொல்லுதேன். செத்த நேரம் இருங்க, காப்பி போடுதேன்." இருந்தேன். இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆடிப் பூரம் கழிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான் போகவில்லை. பஸ் நிலையம்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். துண்டு எனக்கு வேண்டும். அதைப் போல எதையும் நான் விரும்பியதில்லை. ஆனால் அதை வாங்கி வந்துவிட்டால், 'பொறவு வாங்க' என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிற ஒரே வீட்டுக்குப் போக எனக்கு வேலை இருக்காது. எவ்வளவு கேவலமான கணக்கு என்று எனக்கே தெரிகிறது. ஆண்டாளுக்குப் பின்னால் அது பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ஒன்பதாவது படம் வந்தது, ஐம்பதில் பன்னிரண்டாம் பிரதி. கையைக் கழுவித் துடைத்து, கட்டிலில் வேட்டி விரித்துப் பரப்பினேன். பதினாறு நிறம், ஒன்றுகூட விலகவில்லை. ஓரம் வெள்ளையாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்படி அலமாரியிலிருந்து அவளுடைய பென்சிலை எடுத்து வந்து, ஓவியரின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'வந்த நாள் புதன். வெயில். காட்ட ஆளில்லை.'

அழிக்கவில்லை.