அக்கா காலில் ஏறிய புழு

என் மச்சான் அஸ்ரிலைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் எங்கள் பரியாமான் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. குரங்கைப் பழக்கித் தென்னையில் ஏற்றித் தேங்காய் பறித்துப் பிழைப்பவர். பிள்ளை இல்லாத அவருக்கும் என் அக்கா யுஸ்மைனிக்கும் அந்தக் குரங்குதான் பிள்ளை. ஊப்பிக் என்று பெண் குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்கள். தன் தட்டில் தின்ற குரங்கு தன்னைக் கடிக்காது என்று மச்சான் சொல்வார். அதனால் மூன்று பேருக்கும் ஒரே தட்டுதான்.

மழைக்காலத்தில் குரங்கு நனையக் கூடாதென்று, மரத்தூண்கள் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அடியிலேயே கட்டினார்கள். அந்த ஈர மண்ணை அக்கா தினமும் வெறுங்காலோடு கூட்டினாள். முதலில் தொடையில் கோடு கோடாய்த் தடிப்பு, அரிப்பு. பிறகு வயிற்றுவலி, மூச்சிரைப்பு. சந்தையில் ஒருவன் விற்ற இழுப்புப் பொடியை மச்சான் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக மூச்சு விட்டாள். அப்புறம் படுத்தவள்தான்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். குரங்கின் கழிவிலிருந்து மண்ணுக்கு வந்து, பாதத்தைத் துளைத்து ஏறிய புழு. குடலில் சும்மா கிடந்திருக்கும். பொடியில் கலந்திருந்த மருந்து உடம்பின் எதிர்ப்பைக் குலைக்க, நுரையீரல் வரை பெருகிவிட்டது. அக்கா பிழைக்கவில்லை. என் மலத்திலும் மச்சான் மலத்திலும் அதே புழு இருந்தது. மாத்திரை கொடுத்தார். நான் விழுங்கிவிட்டேன்.

எங்கள் வழக்கப்படி வீடு பெண்களுடையது. மனைவி போய்விட்டால் புருஷன் தன் அக்கா வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மச்சான் குரங்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போதும் மாத்திரை அவர் சட்டைப்பையில் அப்படியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குரங்கே நேத்து வாழைப்பழத்துல வெச்ச மருந்தைச் சமத்தா தின்னுடுச்சு. உங்ககிட்டதான் மச்சான் கெஞ்ச வேண்டியிருக்கு" என்றேன்.

"அவளும் நானும் ஒரே மண்ணுலதான் நடந்தோம், எர்னா. அவகிட்ட இருந்தது எங்கிட்ட உயிரோட இருக்கு. வயித்துல ஊர்றப்போ அவ பக்கத்துல பொரண்டு படுக்குற மாதிரி இருக்கு. அதையும் கொல்லச் சொல்றியா?"

 அருவருப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"உங்க அக்கா பேரப்புள்ளைங்க வெறுங்காலோடதான திரியுதுங்க? நீங்க தோப்புல ஒதுங்குவீங்க. அந்த மண்ணுலதான் அதுங்க விளையாடும். ஒரு சாவு போதாதா மச்சான்?"

குரங்கின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு தண்ணீர் கேட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், விம்மி விம்மி அழுதார்.

"இன்னிக்குத்தான் எர்னா, அவளப் பொதைச்சேன்."